மகன் சரக்கு விமானத்திலேயே இருக்கட்டுமா?

(பினாங்கில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், விமானிகளுக்குப் பணி அட்டவணை தயாரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "நீங்கள் வேறு எதுவும் பேச வேண்டாம், இதற்குப் பதில் சொன்னால் போதும்" என்று சொல்லிவிட்டார். பட்டர்வொர்த்தில் இருந்து வந்திருக்கும் ஓர் அம்மா எழுதியது. பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய மகனுக்கு வயது 33. சுபாங்கில் இருந்து பறக்கும் ஒரு சரக்கு விமான நிறுவனத்தில் ஏழு வருடமாகத் துணை விமானி. போயிங் 737-400 ரக விமானம் ஓட்டுகிறார். இப்போது ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு முடிந்து, வேலைக் கடிதம் வரப் போகிறது.

அம்மா எழுதுகிறார்: "அவன் போகட்டுமா, இருக்கட்டுமா ஐயா? ஆள் ஏற்றாத விமானமா ஓட்டுகிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்டார்கள். அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்தார். மகனோ, எனக்குத் தூக்கம் இல்லை அம்மா, அதுதான் போகிறேன் என்கிறான்."

இந்தச் சீட்டில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அம்மாவின் காரணம் ஒன்று, மகனின் காரணம் இன்னொன்று. அம்மாவின் காரணத்தை முதலில் எடுத்துக் கொள்கிறேன். அது சீக்கிரம் முடிந்துவிடும்.

"வானத்து லோரி டிரைவர்" என்று சரக்கு விமானிகளைக் கேலி செய்வதை நானும் கேட்டிருக்கிறேன். பினாங்குத் தமிழன் இப்படிக் கேலி செய்யலாமா? இந்தத் தீவுக்கு நம்மவர் வந்ததே சரக்கோடுதான். வெல்ட் கீ கடற்கரையில் தொங்காங் படகுகளில் இருந்து மூட்டை இறக்கியவர்கள் யார்? சூலியா என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தானே, அந்தப் படகுக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நம்முடைய பாட்டன்மார்தானே! சரக்கு ஏற்றி இறக்கிய சம்பாத்தியத்தில் எழுந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ இருக்கும்.

இன்றைக்கும் இந்த ஊரின் சோறு சரக்கு விமானத்தில்தான் போகிறது. பாயான் லெப்பாஸ் வாணிப வளாகம் 1972இல் தொடங்கியது. இன்டெல் போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்திலேயே இங்கே வந்தன. அங்கே செய்யும் சில்லு விரல்நுனி அளவுதான் இருக்கும், விலையோ அதிகம். அதைக் கப்பலில் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. உலக வாணிபத்தில் ஆகாய மார்க்கமாகப் போவது அளவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை, மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று அனைத்துலக ஆகாயப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்கிறது. 2021 பிப்ரவரி 21ஆம் தேதி கோவிட் தடுப்பூசி முதன்முதலாக நம் நாட்டுக்கு வந்ததே, அது வந்ததும் விமானத்தில் சரக்காகத்தான். அன்றைக்கு அந்த விமானியைப் பார்த்து யாரும் லோரி டிரைவர் என்று சொல்லவில்லை.

ஆகவே அம்மா, சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக உங்கள் மகன் வேலை மாறக்கூடாது. பெண் வீட்டார் கேட்டால், அவர் கையில் இருக்கும் லைசென்ஸ் பயணிகள் விமானம் ஓட்டுபவர் கையில் இருக்கும் அதே லைசென்ஸ்தான் என்று சொல்லுங்கள். பறந்த நேரக் கணக்கும் அப்படியே. பெட்டியோடு பறந்த ஆயிரம் மணி நேரமும் ஆளோடு பறந்த ஆயிரம் மணி நேரமும் பதிவுப் புத்தகத்தில் ஒன்றுதான்.

எண்ணும் சான்றும்

விமானியின் சொத்து எது? சீருடையும் தொப்பியும் நிறுவனத்தினுடையவை. வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அட்டவணை போடும் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்த வரையில் அவருக்குச் சொந்தம் இரண்டுதான். ஒன்று, நிறுவனத்தின் மூப்பு வரிசையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண். மற்றொன்று, மருத்துவத் தகுதிச் சான்று. வேலை மாறும்போது இந்த இரண்டுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்க்கிறவர்களே அதிகம்.

மூப்பு எண் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத விஷயம். ஆசிரியர் ஒருவர் ஜோர்ஜ்டவுன் பள்ளியில் இருந்து ஈப்போ பள்ளிக்கு மாறினால் அவருடைய பணிக்காலம் கூடவே போகிறது. விமானிக்கு அப்படி இல்லை. புதிய நிறுவனத்துக்குப் போகும் அன்றைக்கு, நேற்றுச் சேர்ந்த 24 வயதுப் பையனுக்கும் கீழே அவர் பெயர் போய் நிற்கும். யார் முதலில் கேப்டன் ஆவது, யாருக்கு எந்த ஊர் தளம், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் யாருக்கு விடுமுறை என்று வரும்போது பல நிறுவனங்களில் அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள். நேரடியாகக் கேப்டனாக எடுக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் துணை விமானியாகப் போகிறவருக்கு அந்தக் கதவு இல்லை.

ஆள் குறைப்பு வரும்போதுதான் இந்த எண்ணின் வலி தெரியும். கடைசியில் வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது நம் நாட்டுத் தொழில் உறவுகளில் ஏற்கப்பட்ட கோட்பாடு. 1975ஆம் ஆண்டு தொழில் இணக்க நடத்தை விதிகளிலும் அது இடம் பெற்றிருக்கிறது. அங்கே ஏழாண்டு மூத்தவராக இருந்தவர், இங்கே ஏழு மாதக் குழந்தையாக நிற்பார்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்குப் பணிநீக்க இழப்பீடு உட்பட சில பிரிவுகள் பொருந்தாது. விமானிகள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இழப்பீடு என்ன என்பதை வேலை ஒப்பந்தமோ தொழிற்சங்க உடன்படிக்கையோதான் சொல்ல வேண்டும். 2018இல் வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதுவும் 6,000 வெள்ளிச் சம்பளம் வரைதான் கணக்கில் எடுத்துக் கொள்கிறது. வீட்டை அடமானம் வைத்துப் படித்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எந்தப் பக்கம் பத்திரம்?

2020ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. அந்த வருடம் உலகில் பயணிகள் போக்குவரத்து முந்திய வருடத்தைவிட நூற்றுக்கு 65.9 குறைந்தது. ஐயாட்டாவின் கணக்கு இது. சரக்கு ஏறக்குறைய 10 விழுக்காடுதான் குறைந்தது, 2021இல் 2019ஐயும் தாண்டிவிட்டது. நம் நாட்டில் பயணிகள் விமான நிறுவனங்கள் ஆட்களை நிறுத்தின, மீதிப் பேருக்குச் சம்பளத்தைக் குறைத்தன. கேப்டன் ஒருவர் சுபாங்கில் சீருடையோடு நின்று கறி மீ விற்றதைப் பத்திரிகையில் பார்த்தோம். அதே நேரத்தில் சரக்கு விமானிகள் கையுறைப் பெட்டியும் மருந்தும் ஏற்றிக் கொண்டு ஓய்வில்லாமல் பறந்தார்கள்.

அதற்கு முன்பும் 2015இல் மலேசியா ஏர்லைன்ஸ் புதிய நிறுவனமாக மாற்றப்பட்டபோது 20,000 ஊழியர்களில் ஏறக்குறைய 6,000 பேர் இடம் இழந்தார்கள். 2022 டிசம்பர் 1ஆம் தேதி புதிதாகப் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன் 2023 அக்டோபர் 12ஆம் தேதி காலை திடீரென்று சேவையை நிறுத்தியது. பதினோரு மாதம்கூட ஆகவில்லை. இருந்த வேலையை விட்டு அங்கே போனவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதைக் கேட்டால், "அப்படியானால் சரக்குதான் பத்திரம்" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். டிரான்ஸ்மைல் என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டுச் சரக்கு விமான நிறுவனம். எம்டி-11 விமானங்களை வாங்கிப் பசிபிக் கடலைத் தாண்டிப் பறந்தது. பங்குச் சந்தையின் செல்லப் பிள்ளையாக இருந்தது. 2007இல் கணக்கில் கோடிக்கணக்கான வெள்ளி வருமானம் மிகையாகக் காட்டப்பட்டது வெளியானது. 2011இல் பங்குச் சந்தையில் இருந்து நீக்கப்பட்டது. பிறகு கைமாறி, 2014இல் ராயா ஏர்வேஸ் என்ற பெயரில் எழுந்தது.

உலகத்தின் பெரிய கைகளும் இதற்கு விலக்கு இல்லை. கோவிட் காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஃபெடெக்ஸ் நிறுவனத்தில் 2023இல் நூற்றுக்கணக்கான விமானிகள் தேவைக்கு மேல் இருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அவர்களுக்கு என்ன யோசனை சொல்லப்பட்டது தெரியுமா? சிறு விமானங்களில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு வட்டார நிறுவனத்துக்குப் போகலாம் என்று! பிறகு 2025 வந்தது. 800 டாலருக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த வரிவிலக்கு மே மாதம் சீனச் சரக்குக்கும், ஆகஸ்ட் 29ஆம் தேதி மற்ற நாடுகளுக்கும் நின்றது. இணையத்தில் சட்டை வாங்கும் கூட்டத்தை நம்பிப் பறந்த சரக்கு விமானங்களுக்கு அது ஓர் அடி.

ஆகவே, எந்தப் பக்கம் பத்திரம் என்று கேட்டால் இரண்டும் அலைதான். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அலை எப்போது புரளும் என்று ஒருவருக்கும் தெரியாது. போயிங் நிறுவனம் அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு 6,60,000 புதிய விமானிகள் தேவை என்று 2025இல் கணித்தது. இருக்கலாம். ஆனால் அதைச் சொல்கிறவர் விமானம் விற்கிறவர் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

இரவில் விழித்திருப்பதன் விலை

இப்போது மகனின் காரணத்துக்கு வருகிறேன். தூக்கம். சீட்டில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார் அம்மா. என்னைக் கேட்டால் முழுச் சீட்டிலும் கனமான வரி அதுதான்.

சரக்கு ஏன் இரவில் பறக்கிறது? தொழிற்சாலை பகலில் செய்கிறது, மாலையில் பெட்டியில் கட்டுகிறது. நள்ளிரவில் விமானத்தில் ஏற்றி, பெரிய மையத்தில் பிரித்து, காலையில் வாடிக்கையாளர் மேசையில் வைக்க வேண்டும். பொட்டலம் தூங்க வேண்டியதில்லை, விமானிதான் தூங்க வேண்டும். இரவு 2 மணியில் இருந்து காலை 6 மணி வரை மனித உடம்பு அடங்கிப் போகும் நேரம். அந்த நேரத்தில்தான் அவர் தரையிறக்குகிறார். பிறகு ஏதோ ஓர் ஊரின் ஓட்டலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலில் படுக்கிறார். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாவதில்லை, நீளமும் குறைவு. நான் போட்ட அட்டவணைகளில் ஓய்வு நேரம் சட்டப்படி சரியாகவே இருக்கும். தாளில் இருக்கும் ஓய்வு உடம்பில் இருக்கிறதா என்று தாளுக்குத் தெரியாது.

2013 ஆகஸ்ட் 14ஆம் தேதி அமெரிக்காவில் யூபிஎஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் தரையிறங்க வரும்போது, விடியற்காலை ஐந்து மணிக்கு முன், ஓடுபாதைக்கு வெளியே மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். உயரத்தைக் கவனிக்காமல் இறங்கியதே முக்கியக் காரணம் என்றும், சோர்வும் அதில் பங்கு பெற்றது என்றும் விசாரணை சொன்னது. இதில் வேதனை என்ன தெரியுமா? விமானிகளின் ஓய்வு நேரத்தை அதிகப்படுத்தும் புதிய விதிகளை அந்த நாடு ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. 2014 ஜனவரியில் அவை நடப்புக்கு வந்தன, பயணிகள் விமானங்களுக்கு மட்டும். சரக்கு விமானங்களுக்கு விலக்கு! பெட்டிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்கு மட்டும் உடம்பு வேறு மாதிரியா படைக்கப்பட்டிருக்கிறது?

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கவலை இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் எடுத்தால் 31.4. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இரவு வேலை நீரிழிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் இரவு மாற்றுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. மற்றவர்களுக்குச் சர்க்கரை வந்தால் மாத்திரை போட்டுக் கொண்டு வேலைக்குப் போகலாம். விமானிக்கு மருத்துவச் சான்றே ஆட்டம் காணும். இன்சுலின் ஊசி வரை போய்விட்டால் தொழிலே கேள்விக்குறி. அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்குச் சர்க்கரை என்று இருக்கும் வீட்டுப் பிள்ளை, 33 வயதில் "தூக்கம் இல்லை" என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். தன் சொத்தில் ஒன்று கரைகிறது என்று அவர் சொல்கிறார்.

ஆனால் பயணிகள் விமானத்துக்குப் போனால் தூக்கம் தானாக வந்துவிடுமா? மலிவுக் கட்டண நிறுவனங்களில் காலை ஆறு மணி விமானத்துக்கு மூன்று மணிக்கே எழ வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். இடையில் அரை மணி நேரம்தான், தண்ணீர் குடிக்கவும் நேரம் போதாது. நெடுந்தூரம் பறக்கும் நிறுவனங்களில் இரவும் உண்டு, நேர மாற்றமும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால் குறுந்தூர விமானி பெரும்பாலும் அன்றைக்கே தன் தளத்துக்குத் திரும்பிவிடுவார். அந்தத் தளம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பினாங்கைத் தளமாகக் கொண்டு பறக்கும் விமானிகள் இருக்கிறார்கள். ஃபயர்ஃபிளை 2007 ஏப்ரலில் தன் முதல் சேவையையே இங்கிருந்துதான் தொடங்கியது. ஏர் ஏசியாவுக்கும் இங்கே தளம் உண்டு. உங்கள் மகனுக்குப் பினாங்குத் தளம் கிடைத்தால் வேலை முடிந்ததும் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து உங்கள் கையால் சாப்பிடலாம். கோலாலம்பூர் தளம் என்றால் சுபாங்கில் வாடகை அறையில் இருந்தவர் சிப்பாங்கில் வாடகை அறைக்கு மாறுவார், அவ்வளவுதான். வாய்மொழியாக "பினாங்கு தருகிறோம்" என்றால் போதாது, கடிதத்தில் இருக்க வேண்டும். அதிலும் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள்.

எந்த விமானம் என்பதும் முக்கியம்

இதை வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. விமானி ஒவ்வொரு ரகத்துக்கும் தனித் தகுதி பெற வேண்டும். அந்த ரகம் போய்விட்டால் தகுதியும் தூசு படிந்துவிடும். டிரான்ஸ்மைல் பறந்த எம்டி-11ஐ எடுத்துக் கொள்ளுங்கள். பயணிகளை ஏற்றிய கடைசி பெரிய நிறுவனமான டச்சு நாட்டின் கேஎல்எம் 2014இலேயே அதை நிறுத்திவிட்டது. பிறகு அது சரக்குக்கு மட்டும் ஓடியது. 2025 நவம்பர் 4ஆம் தேதி யூபிஎஸ் நிறுவனத்தின் எம்டி-11 ஒன்று லூயிவில்லில் புறப்பட்டபோது விபத்துக்குள்ளாகி, மூன்று விமானிகளும் தரையில் இருந்தவர்களும் இறந்தார்கள். சில நாட்களில் அந்த ரகமே தரையில் நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே ஓட்டிப் பழகிய விமானி எந்தப் பயணிகள் நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியும்? எல்லாவற்றையும் முதலில் இருந்து படிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் உங்கள் மகனுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 737-400 பழைய ரகம்தான், ஆனால் 737-800க்கு அது அண்ணன் மாதிரி. வேறுபாடுகளை மட்டும் சொல்லித் தரும் குறுகிய பயிற்சி முடித்தால் மாறிவிடலாம். அவரை எடுக்கும் நிறுவனம் 737-800 ஓட்டுவதா, ஏ320 ஓட்டுவதா என்று பாருங்கள். ஏ320 என்றால் முழுப் பயிற்சி வேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை ஆண்டு இருப்பேன், முன்பே போனால் பணம் கட்டுவேன் என்று பாண்ட் எழுதி வாங்குவார்கள். பாண்ட் தவறல்ல. நிறுவனம் தன்னால் மூடப்பட்டாலும், நம்மை ஆள் குறைப்பில் அனுப்பினாலும் அந்தப் பணத்தைக் கேட்பார்களா என்ற வரியைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சரி, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கேப்டன் ஆகிவிட்ட, 40 வயதைத் தாண்டிய ஒருவர் கேட்டிருந்தால் இருங்கள் என்றுதான் சொல்வேன். தூக்கத்துக்கு வேறு வழி தேடலாம், அட்டவணையில் மாற்றம் கேட்கலாம். நான்கு பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று பட்டையோடு இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மறுபடியும் வரிசையில் காத்திருக்க வேண்டாம். 65 வயதுக்கு மேல் அனைத்துலகச் சேவையில் பறக்க முடியாது என்ற விதி சரக்குக்கும் பயணிகளுக்கும் ஒன்றுதான். இழந்த ஆண்டுகளைப் பின்னால் சேர்த்துக் கொள்ள முடியாது.

33 வயதுத் துணை விமானிக்கு என் பதில் வேறு. இப்போதிருக்கும் நிறுவனத்தில் கேப்டன் பயிற்சி ஓர் ஆண்டுக்குள் உறுதியாக இருக்கிறது என்றால், பல்லைக் கடித்துக் கொண்டு இருந்து நான்கு பட்டையை வாங்கட்டும், கேப்டனாகச் சில நூறு மணி நேரம் பறக்கட்டும். அதன் பிறகு எந்த நிறுவனமும் அவரை வேறு கண்ணால் பார்க்கும். அந்த உறுதி இல்லை, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஏழு ஆண்டு போய்விட்டது என்றால், போகட்டும். வரிசையில் இழப்பதற்கு அவரிடம் அதிகம் இல்லை. உடம்பில் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போகலாம் என்பேன். அட்டவணை மேசையில் இருந்த நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2020 மறுபடியும் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். வரலாம். வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே நிற்பார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நல்ல மருத்துவச் சான்றும் 5,000 மணி நேரமும் கையில் இருக்கும் 36 வயதுக்காரர் மறுபடி எழுந்துவிடுவார். சான்று போன 45 வயதுக்காரருக்கு வழியே இல்லை.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. விமானியின் சம்பளத்தில் அடிப்படை ஒரு பங்கு, பறந்த நேரத்துக்கான அலவன்ஸ் ஒரு பங்கு. மொத்தத் தொகையைச் சொல்லி மயக்குவார்கள். விமானம் நின்றால் அலவன்ஸும் நிற்கும், 2020இல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்கள் அதனால்தான் தவித்தார்கள். அடிப்படைச் சம்பளம் மட்டும் வந்தால் அடமானத் தவணையைக் கட்ட முடியுமா என்று அம்மாவும் மகனும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்த அலவன்ஸுக்கு ஊழியர் சேமநிதி பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

தம்பிக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள், அவர் வீட்டில் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கையொப்பமிட்ட வேலைக் கடிதம் கையில் வரும் வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். நேர்முகத் தேர்வில் கைகுலுக்கியது கடிதம் ஆகாது. இப்போதைய ஒப்பந்தத்தில் எத்தனை மாத அறிவிப்பு, பழைய பாண்ட் ஏதும் மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பறக்கும் விமானி ஒருவரைப் பிடித்து, அவருடைய போன மாத அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் இருக்கும் அட்டவணை வேண்டாம், போன மாதம் அவர் உண்மையில் பறந்தது. அதில் இரவுகளை எண்ணுங்கள். லைசென்ஸ் இழப்புக் காப்புறுதி பழைய நிறுவனத்தில் கடைசி நாளோடு முடியும், புதிய நிறுவனத்தில் பல இடங்களில் தகுதிகாண் காலம் முடிந்த பிறகே தொடங்கும். இடைப்பட்ட மாதங்களுக்குச் சொந்தச் செலவில் ஒரு பாலிசி எடுங்கள். பறப்பதற்கான மருத்துவப் பரிசோதனையோடு இரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிடுங்கள், வேலையை விடுவதற்கு முன்பே.

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கிறார்கள்.